எந்தச் சுவர்?

இந்த ஊரில் தலையை நிமிர்த்தி நடந்தீர்களானால், என் எழுத்தைப் படிக்காமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. மருந்துக்கடை, தையற்கடை, பல் டாக்டர், வக்கீல், சைக்கிள் கடை எல்லாம் நான் எழுதிய பலகை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினோரு வயதில் பெயிண்ட் டப்பா கழுவப் போய், இருபத்தாறு வயதில் சொந்தக் கடை போட்டேன். ஒரு காலத்தில் பதினாலு பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். எனக்குத் தெரியாத பாஷைகளில்கூடப் பலகை எழுதியிருக்கிறேன். ஒரு புள்ளி பிசகினது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது என் மனைவியின் தம்பியைப் பற்றி. அவனுக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், என்னைப் பற்றி நான் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவனை ஊரில் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான். கல்லூரியில் விலங்கியல் துறையில் அட்டெண்டர். கண்ணாடிக் குழாய் கழுவுவது, ஜாடிகளில் ஸ்பிரிட் வற்றினால் ஊற்றுவது, பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பை உடைக்காமல் பார்த்துக்கொள்வது. முப்பத்தாறு வருஷம் இதே வேலை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்தியில் இருக்க மாட்டான். பின்பக்கச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான். "சுவரையே கட்டிக்கிட்டிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டினாரு" என்று அவன் வீட்டுக்காரி சொல்லாத நாள் இல்லை.

அவன் பார்ப்பது சிலந்தி. பெரிய சிலந்தி என்று நினைத்துவிடாதீர்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். சுவரோடு சுவராகத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன், டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"அத்தான், இங்க வாங்க. இது என்ன தெரியுதா?"

"அழுக்கு."

"அழுக்குக்குக் கால் இருக்கா?"

"இருந்தா துடைக்கிறப்போ ஓடட்டும், எனக்கென்ன?"

கண்ணாடியைக் கையில் திணித்தான். பார்த்தேன். சுவர் மூலையில் விரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு கூடாரம். நட்சத்திரம் மாதிரி நாலைந்து பக்கம் இழுத்துக் கட்டியிருந்தது. அதன் அடியில் வெளிறின உடம்பும் முதுகில் கறுப்புப் புள்ளிகளுமாக அது இருந்தது. அந்தப் பக்கமாக ஓர் எறும்பு வந்தது. கூடாரத்தின் நூலில் கால் பட்டதுதான் தாமதம், உள்ளே இருந்தது வெளியே பாய்ந்து எறும்பைச் சுற்றிச் சுற்றி ஓடியது. செக்கு மாடு ஓட்டமாக ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. ஓட ஓடப் பின்பக்கத்திலிருந்து நூல் விழுந்து எறும்பு கட்டுண்டு போனது.

"கெட்டிக்காரப் பயல்தான்" என்றேன்.

"பொம்பளை அத்தான் அது."

"அப்ப உங்க அக்கா மாதிரி."

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. உள்ளேயிருந்து என் மனைவி, "காதுல விழுது" என்றாள்.

இந்த மாதிரிச் சுவர்ச் சிலந்தியில் உலகத்தில் நூறு வகைக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு வகை மட்டும் மனிதன் மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறி உலகம் முழுக்கப் பரவிவிட்டதாம். எந்த ஊர் வீட்டுச் சுவரிலும் அதைப் பார்க்கலாம். சில வகை அப்படியில்லை. ஒரு பாறை, ஒரு தீவு என்று இருந்த இடத்திலேயே இருக்கும். இதையெல்லாம் அவனுக்கு ஒரு பேராசிரியர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ச் சுவர்ல எத்தனை வகை இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லப்பா" என்று ஒரு வார்த்தையும் சொன்னாராம். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த வார்த்தை இவனிடம் தங்கிவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு சுவர். ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடும் ஊசிமருந்துக் குப்பிகளைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொள்வான். என் கடையில் முடி கொட்டின பிரஷ் ஒன்றை வாங்கிப் போயிருந்தான். அதை ஸ்பிரிட்டில் நனைத்துச் சிலந்தியின் முதுகில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அப்படியே குப்பிக்குள் விடுவான். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுவான்: எந்தத் தெரு, எந்தக் கட்டடம், சுவரின் எந்தப் பக்கம், தரையிலிருந்து எத்தனை அடி, கல்லா, பூச்சா, என்ன தேதி. அந்தச் சீட்டையும் குப்பிக்குள்ளேயே போட்டு மூடிவிடுவான்.

"ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கலாமே, மாப்ளே" என்று ஒருதரம் கேட்டேன்.

"நோட்டு ஒரு இடம், புட்டி ஒரு இடம்னு இருந்தா என்னைக்காவது ரெண்டும் பிரிஞ்சிடும் அத்தான். முதல்ல ஒரு நோட்டு வச்சிருந்தேன். கரையான் தின்னுடுச்சு. உள்ளேயே இருந்தா புட்டி இருக்கிற வரைக்கும் சீட்டும் இருக்கும்."

இந்தப் பழக்கத்தால் அடி வாங்கப் பார்த்ததும் உண்டு. பெண்கள் விடுதியின் பின்சுவரில் முகத்தை வைத்து நின்றவனைக் காவல்காரர் பிடித்துக்கொண்டார். "எறும்பு தின்கிற சிலந்தி பார்க்கிறேன்" என்று இவன் சொல்ல, அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவிட்டார். எனக்கு ஆள் வந்தது. நான் போய், "அந்த கேட்ல தொங்குற பலகை யார் எழுதினதுன்னு கீழே பாருங்க, அந்த ஆளோட மச்சினன்தான் இவன்" என்றேன். விட்டுவிட்டார்கள். வழியெல்லாம் இதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தேன். அவன் பாதி கேட்டான். பிறகு, "அங்க மூணு கூடாரம் இருந்துச்சு அத்தான். ஒண்ணைத்தான் எடுத்தேன்" என்றான்.

என் ஆட்கள் சுவர் விளம்பரம் எழுதப் போகுமுன் சுரண்டிக் கழுவி வெள்ளை அடிப்பார்கள். அதனால் என்னிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பான்: "எந்தச் சுவர், எந்தக் கிழமை?" முதல் நாளே போய்ப் பார்த்துவிடுவான். அவன் பார்த்த சுவர்களில் பாதி இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள், அல்லது நாங்கள் பெயிண்ட் அடித்துவிட்டோம்.

பார்த்த எல்லாச் சுவரிலும் எடுக்க மாட்டான்; குப்பிகள் அறுபத்தொன்றுதான் சேர்ந்திருந்தன. அவன் வீடு ஒற்றை அறை. அதனால் என் கடையின் பின்கட்டில், அலமாரியின் மேல்தட்டில் அவற்றை வைத்துக்கொள்ளச் சொன்னேன். பலகை துளையிட்டு நானே ஒரு தாங்கி செய்து கொடுத்தேன். அவனுக்கு இதைவிடப் பெரிய உதவி யாரும் செய்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. வெளியூரில் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் சிலந்தி ஆராய்கிற அம்மா ஒருவருக்கு அவன் எழுதிப் போட்டிருந்தான். அவர்கள் அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருவதாகவும், அவன் சேர்த்ததை நேரில் பார்ப்பதாகவும் பதில் எழுதியிருந்தார்கள். அன்று அவன் சாப்பிடவில்லை. கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"புதுசா ஏதாவது இருக்கும்னு நினைக்கிறியாடா?" என்று அவன் அக்கா கேட்டாள்.

"கல்லுச்சுவர்ல எடுத்தது சிலது வேற மாதிரி தெரியுதுக்கா. என் கண்ணுக்குத் தெரியறது போதாது. அவங்க பார்த்துச் சொல்லணும்."

அந்த மாதம் கல்லூரியில் செய்முறைப் பரீட்சை. அவனுக்குத் தலை தூக்க நேரமில்லை. மூன்று வாரம் கடைப் பக்கமே வரவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கசங்கின துண்டுக் காகிதம், மங்கின பென்சில், கோணல் எழுத்து. பெரிய படிப்புப் படித்த அம்மா வந்து இதையா பார்ப்பார்கள்? என் மச்சினன் சரக்கு, என் கடையில் இருக்கிற சரக்கு, இப்படியா இருப்பது? ஊருக்கெல்லாம் எழுத்து எழுதியவன் வீட்டில் இந்த எழுத்தா?

தந்தநிற அட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கினேன். நானே சாயப்பொடி கலந்து செய்த நீல மை. மெல்லிய நிப். ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, இடுக்கியால் சீட்டை எடுத்து, அதைப் பார்த்து அட்டையில் எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றும் அச்சு. ஈரம் படுமே என்று ஒவ்வோர் அட்டைக்கும் இருபுறமும் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தேன். எனக்கா தெரியாது? முதலில் ஓர் அட்டையைத் தண்ணீர் டம்ளரில் போட்டு மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். மை அசையவில்லை. அதன் பிறகுதான் மிச்சத்தை எழுதினேன். சோதித்துப் பார்க்காமல் செய்கிற ஆள் இல்லை நான்.

குப்பிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கி, கைக்கு வந்த வரிசையில் தாங்கியில் வைத்தேன். பழைய சீட்டுகளைக் கூட்டி அள்ளி, பெயிண்ட் துடைத்த துணிகளோடு சேர்த்து எரித்துவிட்டேன்.

மனைவி வந்து பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. அவனைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பான். வந்து பார்த்துட்டு வாயடைச்சு நிக்கட்டும்."

அன்று மாலை சமையற்கட்டில் நின்று அவளிடம் ஒப்பித்தேன். எந்தக் குப்பியில் எந்தத் தெரு, எந்தச் சுவர் என்று அறுபத்தொன்றில் ஐம்பதாவது சொல்லியிருப்பேன். பார்த்து எழுதியது என் கையில் ஒட்டிக்கொள்ளும். படிக்காதவனுக்கு அதுதான் நோட்டு. அவளும் "உங்களுக்கு ஞாபகம் ஜாஸ்திதான்" என்றாள். அன்றே தாங்கியை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன், அவன் வந்து திறக்கட்டும் என்று.

அந்த அம்மா வந்த நாளில் நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பரீட்சை முடிந்த கையோடு பல்லி முதல் நாள் அந்தப் பெட்டியை மூடியபடியே எடுத்துப் போயிருந்தான்; திறந்து பார்க்க அவகாசம் இல்லை. துறையின் நீள மேசையில் மைக்ராஸ்கோப் வைத்திருந்தது. அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், எளிய ஆள். பெட்டியைத் திறந்தான்.

குப்பிகளுக்குள் ஸ்பிரிட் லேசான நீலமும் பழுப்புமாகக் கலங்கியிருந்தது. அட்டைகள் உள்ளே வெறுமையாக நின்றன. ஓர் எழுத்து இல்லை.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நான் பூசிய வார்னிஷ் அரக்கு வார்னிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைத்துத்தான் அதைச் செய்கிறோம். நாற்பது வருஷமாக என் கையால் கரைத்திருக்கிறேன். கையில் ஒட்டினால் எதைத் தொட்டுத் துடைக்கிறோம்? ஸ்பிரிட்டைத் தொட்டு. மை காய்ந்து போனாலும் அதையும் ஸ்பிரிட்டால்தான் எடுப்போம். கடையில் டப்பா கழுவுகிற ஆளைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். நான் தண்ணீரில் போட்டுச் சோதித்தேன். பார்வைக்குத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

பல்லி ஒரு குப்பியை எடுத்தான். அடுத்ததை எடுத்தான். அட்டை நறுக்கின அளவைப் பார்த்தான். அந்த அட்டை என் கடை அட்டை என்று அவனுக்குத் தெரியும். நான் வேறு யாருக்கும் அதை விற்பதில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சீட்டு அழிஞ்சு போயிருக்கே" என்றார்கள் அந்த அம்மா.

"ஆமாம்மா. என் தப்புதான். புதுசா எழுதினேன். மை நிக்கலை."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டடி தூரம்.

அந்த அம்மா நல்லவர்கள். வந்தது வந்தோம் என்று பொறுமையாக ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஆண் சிலந்தியின் முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டிக் கைகள் இருக்கின்றன. அவற்றின் நுனி ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு மாதிரி, பூட்டுக்குப் பூட்டு சாவி மாறுகிற மாதிரி. அதை வைத்துத்தான் வகை பிரிப்பார்களாம். பெரும்பாலானது ஊர் உலகமெல்லாம் இருக்கிற வகை என்றார்கள். ஏழெட்டுக் குப்பியில் இன்னொரு வகை, அதுவும் தெரிந்ததுதான். பிறகு ஒரு குப்பியில் மூன்று சிலந்தி இருந்தது. அதை வைத்தவர்கள் ரொம்ப நேரம் தலையை எடுக்கவில்லை. விளக்கை மாற்றினார்கள். தாம் கொண்டு வந்திருந்த படங்களைப் புரட்டினார்கள். மறுபடி பார்த்தார்கள்.

"இது நான் பார்த்த எதுலயும் சேரலை. இது எந்தச் சுவர்?"

பல்லி அந்தக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "கல்லுச்சுவர்மா. நிறத்தைப் பார்த்தாலே தெரியும். கல்லுச்சுவர்ல பதினாறு, பதினேழு எடுத்திருக்கேன். எதுன்னு..." என்றான்.

"இடம் தெரியலைன்னா நான் இதுக்குப் பேர் வைக்க முடியாதுங்க. பேர் வச்சாலும் யாரும் போய்ப் பார்த்து உறுதி பண்ண முடியாது. எப்படியாவது ஞாபகப்படுத்திப் பாருங்க."

இப்போது நான் எழுதப்போவதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. அந்தக் குப்பி எதுவென்று எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று சிலந்தி இருந்த குப்பி அது ஒன்றுதான். அதன் சீட்டில் விவரம் அதிகம். மற்றதெல்லாம் ஒரே வரியில் அடங்கியபோது, அதற்கு மட்டும் அட்டையைப் பெரிதாக நறுக்கி இரண்டு வரியாக எழுதினேன். எழுதி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த அம்மா கேட்டபோது அந்த இரண்டு வரியும் என் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தால் இடம் வந்துவிடும். கூடவே, அட்டை எழுதியது யார் என்பதும் வந்துவிடும். எழுத்துக்கென்றே ஊரில் பேர் எடுத்தவன், அரக்கை ஸ்பிரிட்டில் போட்டான் என்பதும் வந்துவிடும். துறை ஆசிரியர்கள், பிள்ளைகள் என்று அத்தனை பேர் நின்றிருந்தார்கள். அந்தத் துறையின் வாசல் பலகையும் என் எழுத்து.

வாயைத் திறக்கவில்லை. பிறகு தனியாக அவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு?" என்றாள். "மை நிக்கலை" என்றேன். அவள் சோறு போட்டாள். எனக்கு எதிரே உட்காராமல் போய்விட்டாள்.

அந்த அம்மா மூன்று சிலந்தியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பல்லி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டான். எடுத்த இடமெல்லாம் நினைவில் இல்லாததால், ஊரில் உள்ள கல்லுச்சுவர் ஒவ்வொன்றாக மறுபடி போய், அதே சிலந்தி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான். பதினோரு வருஷம் தேடினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, குறை சொல்லவில்லை. பார்த்து எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. "அத்தான் நமக்கு நல்லது நினைச்சுத்தான் செஞ்சாரு" என்று தன் வீட்டுக்காரியிடம் சொன்னானாம். அது என் மனைவி மூலமாக என் காதுக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. ஏணி கொடுத்தேன். தூரத்துச் சுவர் என்றால் கடை வண்டியில் அனுப்பினேன். என் ஆட்களிடம், எந்தச் சுவரைச் சுரண்டுவதானாலும் முதலில் மச்சினனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். "மச்சினனுக்காக இந்த மனுஷன் எவ்வளவு செய்கிறார் பாருங்கள்" என்று நாலு பேர் சொன்னார்கள். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன்.

அவன் ஓய்வு பெற்றான். ஒரு கண்ணில் புரை வந்து எடுத்தார்கள்; அந்தக் கண்ணில் பார்வை தேறவில்லை. அதற்குப் பிறகு பூதக்கண்ணாடி போதாமல் இரண்டு கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் அதே ஊர்ப் பொதுச் சிலந்திதான். சில கல்லுச்சுவர்கள் இடிந்து வீடாகிவிட்டன. அந்த இடத்தில் நின்று வேலிக்கல்லைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவான்.

இந்த வருஷம் அந்த அம்மாவிடமிருந்து என் கடை முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தப் பக்கத்துச் சுவர்ச் சிலந்திகள் எல்லாவற்றையும் தொகுத்துப் பட்டியல் போடுகிறார்களாம். முடியும் தறுவாயில் இருக்கிறதாம். அந்த மூன்று சிலந்தியின் இடம் பற்றி ஏதேனும் தெரியவந்ததா, இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தார்கள். பல்லிக்குக் கொடுக்க வேண்டிய கடிதம். நான் பிரித்துப் படித்தேன். கடிதத்தில் போன் நம்பர் இருந்தது. நம்மவர்களிடம் சொல்வதைவிட வெளியாரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. கூப்பிட்டேன்.

"அம்மா, அந்த அட்டையெல்லாம் எழுதினது அவன் இல்லை. நான்."

திட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"பழைய சீட்டைப் பார்த்தா எழுதினீங்க?"

"ஆமாம்மா."

"அப்போ உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, ஐயா! மூணு சிலந்தி இருந்த புட்டி. எந்தச் சுவர்?"

எவ்வளவு ஆசையாகக் கேட்டார்கள்! போனைக் காதில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினேன். அட்டை வந்தது. தந்த நிறம் வந்தது. இரண்டு வரி வந்தது. இரண்டாவது வரி கொஞ்சம் சின்னது, நடுவில் வர வைத்திருந்தேன். வரி வந்ததே தவிர, வரியில் இருந்தது வரவில்லை. 'வடக்குப் பக்கம்' என்று ஓரிடத்தில் இருந்தது. 'நாலடி' என்று இருந்த மாதிரி. தெரு போய்விட்டது. கட்டடம் போய்விட்டது.

"தெரியலைம்மா."

"அப்பவே கேட்டேனே, சார்" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான். என்ன திடீர்னு? டீ போடச் சொல்லவா?"

"வேண்டாம் மாப்ளே. ஒண்ணு சொல்லணும். அந்த அட்டை..."

"அது தெரிஞ்ச விஷயம்தானே, விடுங்க." சிரித்தான். "வயசான காலத்துல அதையா தூக்கிக்கிட்டு வந்தீங்க? தெரியாம செஞ்சது. நான் செஞ்சிருந்தா மட்டும் என்னவாம், முதல் வருஷம் நானே பேனாவால எழுதி நாலு சீட்டை அழிச்சவன்தான்."

அங்கேயே நிறுத்தியிருந்தால் அவன் என்னைக் கும்பிட்டு அனுப்பியிருப்பான். நான் நிறுத்தவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். போனில் பேசியதைச் சொன்னேன். அந்த இரண்டு வரியில் வடக்குப் பக்கம், நாலடி என்பது மட்டும் மிஞ்சியிருப்பதைச் சொன்னேன்.

அவன் ஊசியைக் கீழே வைத்தான்.

"அவங்க கேட்டப்போ உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அன்னைக்கு? அந்த மேசைகிட்ட நின்னப்போ?"

"ஆமா."

"எந்தச் சுவர்னு தெரியும்."

"தெரியும் மாப்ளே."

"அதுக்கப்புறம் எத்தனை நாள் ஞாபகம் இருந்திருக்கும்?"

"ஒரு மாசம். ரெண்டு மாசம்கூட இருக்கலாம்."

"நான் ஏணி வாங்க வந்தேனே, அடுத்த ஞாயித்துக்கிழமை. அப்ப தெரியுமா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே கிடையாது. விடுதிச் சுவரில் பிடித்தபோதுகூடச் சிரித்தவன். இப்போதும் கத்தவில்லை. எழுந்து நின்றான்.

"பதினோரு வருஷம் அத்தான். ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு நான் சுவர் சுவரா மோந்துக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க வண்டி அனுப்பினீங்க. எந்தச் சுவருக்குப் போகணும்னு டிரைவர் கேக்கிறப்போ நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"மாப்ளே..."

"மை அழிஞ்சது போகட்டும். அது போனது போனதுதான். நீங்க பார்த்து எழுதின அந்தச் சீட்டு உங்க மண்டைக்குள்ள முழுசா இருந்திருக்கு. அதையும் நீங்களேதான் அழிச்சிருக்கீங்க. போங்க. இப்ப போங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாத்தின கதவுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் துணி காயப்போட வந்தவர்கள் என்னைப் பார்த்து, "என்ன பெயிண்டர் சார், வீட்ல ஆள் இல்லையா?" என்று கேட்டார்கள். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு கட்டு அட்டை எடுத்து உட்கார்ந்தேன். மூளை மறந்ததைக் கை எடுத்துக் கொடுக்கும் என்று எழுதிப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு முந்திய பலகையின் தொலைபேசி எண்ணை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். சீட்டுகளில் ஆறு வந்தது. விடுதியின் பின்சுவர், ரயில் நிலையத்துப் பார்சல் அறை, இன்னும் நாலு. ஆறும் அந்த அம்மாவுக்கு எழுதி அனுப்பினேன். ஆறும் சாதாரணச் சிலந்தி கிடைத்த சுவர்கள். இரண்டு வரி எழுத வேண்டிய இடத்தில் வந்து நின்றால் கை வடக்குப் பக்கம், நாலடி என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. இந்த ஊரில் வடக்குப் பக்கம் இல்லாத சுவர் உண்டா?

என் மனைவி அவனைப் போய்ப் பார்த்தாள். வந்தவள் என்னிடம், "உங்களைப் பத்தி ஒண்ணும் தப்பாச் சொல்லலை. கொஞ்ச நாள் வர வேண்டாம்னு சொல்லச் சொன்னான்" என்றாள். பிறகு அவளே, "அன்னைக்குச் சாயங்காலம் எனக்கு ஒப்பிச்சீங்களே, அதுல நானாவது ஒண்ணு ரெண்டு மனசுல வாங்கியிருக்கலாம். ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டே கேட்டேன்" என்று சொல்லி அழுதாள். அவள் அழ வேண்டிய அழுகையா அது?

நாலு மாதம் ஆகிறது. அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கிடங்குத் தெருப் பக்கம் அவனைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். சொந்தமாக ஒரு சின்ன ஏணி வாங்கியிருக்கிறானாம். அந்த அம்மா தங்கள் பட்டியலை அச்சிட்டு, ஒரு பிரதி அவனுக்கும் ஒன்று எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நன்றி சொன்ன இடத்தில் அவன் பெயர் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். நம் ஊர்ச் சுவர்களில் இரண்டு வகை என்று போட்டிருக்கிறார்கள். மூன்று என்பது அவர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.